‘கார்லயே சாப்பிட்டுக்கங்க’ என்று உணவகம் சொல்லலாமா?

சேலத்திலிருந்து கோவைக்குப் போகும் வழியில், பெருந்துறைக்கு அருகே நெடுஞ்சாலையோர உணவகம் ஒன்றில் நடந்ததை விவரித்துக் கேட்டிருக்கிறீர்கள். முதுகுத்தண்டுக் காயத்துக்குப் பிறகு சக்கர நாற்காலியைப் பயன்படுத்தும் உங்கள் அக்காவுடன் வாசலை நெருங்கியபோது, மேற்பார்வையாளர் எதிரே வந்து, “உள்ள கூட்டமா இருக்குதுங்கண்ணா, வண்டிய உள்ள கொண்டாந்தா மத்தவங்களுக்கு எடஞ்சலா இருக்கும், அவங்கள கார்லயே உக்கார வெச்சுக்கங்க, நான் அங்கயே கொண்டாந்து தர்றனுங்க” என்று சொல்லியிருக்கிறார். வாசலில் மூன்று படிகள் இருந்தன என்றும், உள்ளே மேசைகள் காலியாக இருந்தது கண்ணாடி வழியாகத் தெரிந்தது என்றும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். இது சட்டப்படி குற்றமா, யாரிடம் முறையிடுவது என்பவை உங்கள் கேள்விகள். அவற்றுக்குப் பதில் சொல்வதற்கு முன் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: உங்கள் அக்காவைத் தடுத்தவை அந்த மூன்று படிகளா, அல்லது அந்த மனிதரின் முடிவா? நீங்கள் எழுதியதைப் பார்த்தால், படிகளைப் பற்றிய பேச்சே அங்கு எழவில்லை. படிகள் இல்லாமல் இருந்திருந்தாலும் அவர் அதையே சொல்லியிருப்பார். இந்த வேறுபாட்டைப் பொறுத்துத்தான் சட்டமும் தீர்வும் அமைகின்றன.

நான் கட்டடப் பொறியாளர். கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் உணவகங்களையும் மண்டபங்களையும் மருத்துவமனைகளையும் அளந்து பார்த்து, மாற்றுத்திறனாளிகள் தடையின்றிப் புழங்குவதற்கு அங்கே என்ன செய்ய வேண்டும் என்று அறிக்கை தரும் பணியைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். அளவுகளையும் கட்டடங்களையும் பற்றி நான் சொல்வதை நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். சட்டத்தைப் பற்றிச் சொல்வது, அந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு வேலை செய்யும் ஒருவருடைய புரிதல். நான் வழக்கறிஞன் அல்லன். வழக்கு என்று இறங்குவதாக இருந்தால் வழக்கறிஞர் ஒருவரைக் கலந்துகொண்ட பிறகே இறங்குங்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடியதிலிருந்து தொடங்குகிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இல் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஊனத்தை அடிப்படையாகக் கொண்டு ஒருவரை வேறுபடுத்துவதோ விலக்குவதோ கட்டுப்படுத்துவதோ, அவர் மற்றவர்களுக்குச் சமமாகத் தம் உரிமைகளை அனுபவிப்பதைக் கெடுக்குமானால் அது பாகுபாடு என்று அதன் 2-ஆம் பிரிவு வரையறுக்கிறது. கெடுப்பது நோக்கமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விளைவாக இருந்தாலே போதும். ஆகவே “நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன், அவங்க சிரமப்படக் கூடாதுன்னுதான் சொன்னேன்” என்ற விளக்கம் அந்த மேற்பார்வையாளருடைய மனத்தைக் காட்டலாம். நடந்ததன் தன்மையை அது மாற்றாது. ஒருவருக்குத் தேவையான, உணவகத்தால் தாங்கக்கூடிய சிறு மாற்றத்தைச் செய்து தர மறுப்பதும் அந்த வரையறைக்குள் வருகிறது. சுவரோர மேசையிலிருந்து ஒரு நாற்காலியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சக்கர நாற்காலியை நிறுத்திக்கொள்ள விடுவது எந்த உணவகத்துக்கும் பெரிய சுமை ஆகாது. கூட்டம் என்பது உண்மையாக இருந்தால், அதற்கு மற்றவர்களைப் போல உங்கள் அக்காவையும் காத்திருக்கச் சொல்லியிருக்க வேண்டும். காரில் சாப்பிடும் வசதியை எல்லோருக்கும் தருவது ஒரு சேவை. ஒருவருக்கு மட்டும் அதைத் தவிர வேறு வழி தராதபோது, அது விலக்கல்தான்.

இந்த இடத்தில் அரசமைப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவையும் நினைவில் கொள்வது நல்லது. கடைகள், பொது உணவகங்கள், விடுதிகள் ஆகியவற்றுக்குள் மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் என்ற காரணங்களால் மட்டும் எந்தக் குடிமகனையும் தடுக்கக் கூடாது என்று அதன் இரண்டாம் உட்பிரிவு சொல்கிறது. 1950-லேயே உணவகத்தின் வாசல் சட்டத்துக்குள் வந்ததற்குக் காரணம் உண்டு. தேநீர்க் கடையில் யார் உள்ளே உட்காரலாம், யார் வெளியே நின்று குடிக்க வேண்டும், யாருக்கு எந்தக் குவளை என்ற கேள்விகள் எவ்வளவு ஆழமாகப் புண்படுத்தக்கூடியவை என்பது நம் கொங்குப் பகுதிக்கு நன்றாகவே தெரியும். அந்தப் பட்டியலில் ஊனம் இடம்பெறவில்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு அந்த இடைவெளியைப் பெருமளவு நிரப்புகிறது. நியாயமான ஒரு நோக்கத்தை அடைவதற்குப் பொருத்தமான, அளவான வழி என்று காட்டினால் ஒழிய, ஊனத்தின் காரணமாக ஒருவரைப் பாகுபடுத்தக் கூடாது என்பது அந்தப் பிரிவின் சாரம். மற்ற வாடிக்கையாளர்கள் முகம் சுளிப்பார்கள் என்ற ஊகம் நியாயமான நோக்கம் ஆகாது என்பது என் உறுதியான கருத்து. 2022 பிப்ரவரியில் குருகிராமில் சக்கர நாற்காலியில் வந்த ஓர் இளம்பெண்ணிடம் இதே காரணம் சொல்லப்பட்டது. அவர் அதைச் சமூக ஊடகத்தில் எழுதிய பிறகு அந்த உணவகத்தார் மன்னிப்புக் கேட்டார்கள். ஊர் எதுவானாலும் இந்தக் காரணம் மாறுவதில்லை.

இனி படிகளுக்கு வருவோம். தனியாருக்குச் சொந்தமான கட்டடமாக இருந்தாலும், பொதுமக்கள் வந்துபோகும் வணிகக் கட்டடம் என்றால் அது ‘பொதுக் கட்டடம்’ என்பதில் ஐயமில்லை. சட்டமே அப்படிச் சொல்கிறது. ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களை ஐந்து ஆண்டுகளுக்குள் தடையற்றவையாக மாற்ற வேண்டும் என்று 45-ஆம் பிரிவும், அரசோ தனியாரோ சேவை தருபவர் எவரும் இரண்டு ஆண்டுகளுக்குள் விதிகளுக்கு இணங்க வேண்டும் என்று 46-ஆம் பிரிவும் கூறுகின்றன. விதிகள் 2017 ஜூன் 15-இல் அறிவிக்கப்பட்டன. கணக்குப்படி இரண்டு கெடுக்களும் முடிந்துவிட்டன. புதிதாகக் கட்டுவோர் விதிகளின்படி வரைபடம் தராவிட்டால் அனுமதியே தரக் கூடாது என்று 44-ஆம் பிரிவு சொல்கிறது. 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளிலும் மாற்றுத்திறனாளிகளுக்கான அமைப்புகள் கேட்கப்படுகின்றன.

ஐயத்துக்கு இடமான பகுதி இதற்கு அடுத்தது. 2024 நவம்பர் 8-ஆம் தேதி, ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017-ஆம் ஆண்டு விதிகளில் 15-ஆம் விதியின் முதல் உட்பிரிவைச் சட்டத்துக்கு முரணானது என்று அறிவித்தது. சட்டம் கட்டாயம் என்கிறது. விதி சுட்டிக்காட்டிய கையேடுகளோ பரிந்துரை நடையில் எழுதப்பட்டவை. இரண்டும் பொருந்தவில்லை என்பது அதன் காரணம். மூன்று மாதங்களுக்குள் கட்டாய அளவுகோல்களைத் தனியே வகுக்குமாறு ஒன்றிய அரசுக்கு ஆணையிட்டதோடு, இருக்கும் அளவுகளின்படி நடக்கும் பணி தடையின்றித் தொடர வேண்டும் என்றும் நீதிமன்றம் கூறியது. ஆகவே “விதியே செல்லாது என்று தீர்ப்பு வந்துவிட்டது, நாங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை” என்று உரிமையாளர் யாராவது சொன்னால் அது தவறு. ஆனால் மூன்று படிகள் இருக்கின்றன என்பதற்காக மட்டும் அபராதம் விதிக்கச் செய்ய முயன்றால், எந்த அளவுகோலை மீறினார்கள் என்ற வாதம் எதிர்த் தரப்பிலிருந்து கட்டாயம் எழும். இன்னொரு சிக்கலும் உண்டு. ‘தனியார் நிறுவனம்’ என்பதற்குச் சட்டம் தரும் வரையறையில் கம்பெனி, கூட்டு நிறுவனம், சங்கம், அறக்கட்டளை போன்றவை பெயர் சொல்லிக் குறிப்பிடப்படுகின்றன. தனி ஒருவர் நடத்தும் சிறு மெஸ் அதற்குள் வருமா என்று வாதிட இடமிருக்கிறது. நெடுஞ்சாலையோரப் பெரிய உணவகங்கள் பெரும்பாலும் கம்பெனியாகவோ கூட்டாகவோ இருப்பதால் உங்கள் விஷயத்தில் இது தடையாகாது என்று நினைக்கிறேன். ஆள் மறுத்தார் என்ற புகார் 3-ஆம் பிரிவின் மேல் நிற்கும். படி தடுத்தது என்ற புகாரோ மாறிக்கொண்டிருக்கும் விதிகளின் மேல் நிற்கும். முதலாவதை முன்னால் வையுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

அமெரிக்காவில் இருக்கும் உறவினர் ஒருவர் “அங்கே என்றால் கோடிக்கணக்கில் வாங்கியிருக்கலாம்” என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். 1990-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் உணவகங்களைப் பெயர் சொல்லியே உள்ளடக்குகிறது. பெரும் சிரமமோ செலவோ இல்லாமல் அகற்றக்கூடிய தடைகளைப் பழைய கட்டடங்களிலும் அகற்ற வேண்டும் என்கிறது. ஆனால் அந்த நடுவண் சட்டத்தின் கீழ் தனிநபர் தொடுக்கும் வழக்கில் தடையை நீக்கச் சொல்லும் ஆணையும் வழக்குச் செலவும்தான் கிடைக்கும். இழப்பீடு கிடைப்பது கலிபோர்னியா போன்ற சில மாநிலங்களின் தனிச் சட்டங்களால். நம் நாட்டிலும் இழப்பீடு கிடைத்த முன்னுதாரணம் இருக்கிறது. பெருமூளை வாதத்துடன் வாழும் ஜீஜா கோஷ் 2012-இல் விமானத்திலிருந்து இறக்கிவிடப்பட்ட வழக்கில், 2016-இல் உச்ச நீதிமன்றம் 10 லட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது. அது விமானப் பயணம் பற்றிய வழக்கு. உணவகத்துக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்.

என் தொழிலின் பகுதிக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் அக்கா இனியும் பயணம் செய்வார். நம் ஊர்களில் உணவக வாசல்கள் ஏன் இவ்வளவு உயரமாக இருக்கின்றன என்பதற்குக் காரணம் சாலை. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே மறுபடியும் மறுபடியும் தார் போட்டதால் சாலை உயர்ந்துகொண்டே வந்தது; மழைநீர் உள்ளே வந்துவிடும் என்று கட்டுவோர் அதற்கும் மேலே தரைமட்டத்தை உயர்த்தினார்கள். ஈரோடு, கரூர் போன்ற ஊர்களின் கடைவீதிகளில் சாக்கடையின் மேல் கற்பலகை, அதற்கு மேல் மூன்று நான்கு படிகள், படியை ஒட்டிப் பழச்சாறுக் கடையோ தோசைக்கல்லோ என்று வாசலே அடைபட்டுக் கிடக்கும். சாய்தளத்தின் கணக்கு எளிது: ஓர் அங்குலம் ஏறுவதற்கு 12 அங்குலம் நீளம் வேண்டும். ஆறு அங்குல உயரமுள்ள மூன்று படிகள் என்றால் 18 அடி. நெடுஞ்சாலையோர உணவகங்களின் முன்புறத்தில் அந்த 18 அடி தாராளமாகக் கிடைக்கும். முகப்புச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் கொண்டுபோனால் வாகனம் நிறுத்தும் இடமும் குறையாது. கடைவீதியில் அது கிடைக்காது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கே சாலைக்குள் நீட்டிக் கட்டினால் ஆக்கிரமிப்பு என்று இடித்துவிடுவார்கள். அதற்கு மடக்கு அலுமினியச் சாய்தளமோ, பக்கத்துச் சந்து வழியாக மற்றொரு நுழைவோதான் வழி.

பல இடங்களில் ‘சாய்தளம் இருக்கிறது’ என்று சொல்வார்கள். போய்ப் பார்த்தால் அது எரிவாயு உருளையும் தண்ணீர்க் கேனும் ஏற்றுவதற்குப் போட்டதாக, நான்கடியில் ஓரடி ஏறும் செங்குத்தாக இருக்கும். அதில் சக்கர நாற்காலியை மேலே தள்ளும்போது முன்சக்கரம் தூக்கிக்கொண்டு, உட்கார்ந்திருப்பவர் பின்பக்கமாகச் சாய்ந்து விழுவதற்கு வாய்ப்பு அதிகம். பளபளப்பாக மெருகேற்றிய கிரானைட் போட்டு, காலையில் ஈரத்துணியால் துடைத்த சாய்தளம் இன்னும் ஆபத்தானது. இரண்டு பக்கமும் கைப்பிடி, ஓரத்தில் சக்கரம் இறங்காமல் தடுக்கும் சிறு விளிம்பு, சுரசுரப்பான தளம், மேலே கதவைத் திறக்கும் முன் நின்றுகொள்ளச் சமதளம் ஆகியவை இல்லாமல் சாய்தளம் முழுமையாகாது.

உள்ளே போன பிறகும் வேலை இருக்கிறது. கதவின் திறப்பு 900 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். நாற்காலி திரும்புவதற்கு ஐந்தடி வட்டம் வேண்டும். நம் மெஸ்களில் கருங்கல் பலகை மேசையும், தரையில் பதித்த எஃகு முக்காலிகளும் வழக்கம். முக்காலியை அகற்ற முடியாததால் சக்கர நாற்காலி மேசைக்குள் போகவே போகாது. உட்கார்ந்திருப்பவர் இலையிலிருந்து ஓரடி தள்ளிச் சாய்ந்து சாப்பிட வேண்டியிருக்கும். நடுவில் ஒற்றைத் தூண் உள்ள மேசைகளில் கால்தாங்கி அடித்தட்டில் இடிக்கும். இரண்டு மேசைகளை மட்டும் நான்கு கால் உள்ளவையாக, கால்களுக்கு இடையே அகலமும் கீழே முழங்காலுக்கு 70 சென்டிமீட்டர் உயரமும் இருக்கும்படி போட்டுவிட்டால் போதும். கையால் உண்ணும் நமக்குக் கை கழுவும் இடமும் உணவின் ஒரு பகுதி. அது ஒரு படி மேலேயோ மூன்றடிக்கு மேற்பட்ட உயரத்திலோ இருந்தால், கேட்காமலேயே கிண்ணமும் வெந்நீரும் மேசைக்குக் கொண்டுவருவது நல்ல பரிமாறுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட நான் அதிகம் கவலைப்படுவது கழிப்பறையைப் பற்றி. முதுகுத்தண்டுக் காயம்பட்ட பலர் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை குழாய் செருகிச் சிறுநீரை வெளியேற்ற வேண்டியவர்கள். சேலத்திலிருந்து கோவைக்கு 160 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தூரம். நடுவே உணவும் ஓய்வும் சேர்ந்தால் அந்த நேரம் எளிதாக வந்துவிடும். வழியில் இடம் கிடைக்காது என்று பயந்து காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருவார்கள்; அதனால் சிறுநீர்த் தொற்று வரும்; அடுத்த பயணம் மருத்துவமனைக்காக இருக்கும். மேசையில் இடம் தராத உணவகம் ஒரு வேளை உணவைக் கெடுக்கிறது, கழிப்பறை தராத உணவகம் பயணத்தையே கெடுக்கிறது. சக்கர நாற்காலிப் படம் ஒட்டிய கதவைத் திறந்தால் துடைப்பமும் பினாயில் கேனும் உடைந்த நாற்காலிகளும் நிறைந்திருப்பதை நான் அளக்கப் போன இடங்களில் பலமுறை பார்த்திருக்கிறேன். கட்டியதற்கான செலவு அங்கே ஆகிவிட்டது. தினமும் திறந்துவைக்கும் பொறுப்பை யாரும் ஏற்கவில்லை. இதில் மன்னிக்க எதுவும் இல்லை என்றே நினைக்கிறேன்.

ஊழியர்கள் சேர்ந்து நாற்காலியோடு தூக்கிவிடுவதாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அதை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் அக்கா. நீங்களோ ஊழியரோ அல்லர். நான் தவிர்க்கவே சொல்வேன். மடக்கு நாற்காலியின் கைத்தாங்கியும் கால்தாங்கியும் கழன்று வரும்படி செய்யப்பட்டவை. அவற்றைப் பிடித்துத் தூக்கினால் நடுவழியில் கையோடு வந்துவிடும். உணர்வு இல்லாத காலில் அடிபட்டால் அவருக்கே உடனே தெரியாது. வேறு வழியே இல்லை என்றால், நாற்காலியைப் படிக்கு முதுகு காட்டித் திருப்பி, பின்சக்கரங்களின் மேல் சாய்த்து, பின்னால் ஒருவர் கைப்பிடியையும் முன்னால் ஒருவர் நிலையான சட்டத்தையும் பிடித்து, ஒவ்வொரு படியாக உருட்டி ஏற்ற வேண்டும். அக்கா சொல்லும்போது தொடங்கி, அவர் சொல்லும்போது நிறுத்த வேண்டும்.

புறப்படும் முன் தொலைபேசியில் விசாரிக்கும்போது “வீல்சேர் வசதி இருக்குதுங்களா?” என்று கேட்காதீர்கள். “இருக்குதுங்க, வாங்க” என்ற பதில்தான் வரும். நான்கு பையன்கள் தூக்கிவிடுவார்கள் என்பதே பெரும்பாலும் அதன் பொருள். வாசலில் எத்தனை படிகள், சாப்பாட்டுக் கூடம் எந்தத் தளத்தில், கழிப்பறைக்குப் போகும் வழியில் படி உண்டா, அந்தக் கதவு எத்தனை அடி அகலம் என்று எண்ணிச் சொல்லக்கூடியவற்றைக் கேளுங்கள். உண்மை அப்போதுதான் வெளிவரும்.

கல்யாண மண்டபங்களைப் பற்றியும் ஒரு சொல். நம் பகுதியில் பல மண்டபங்களில் சாப்பாட்டுக் கூடம் நிலத்தடியில் இருக்கிறது. மின்தூக்கி இருந்தாலும் சமையல் பாத்திரங்கள் ஏறி இறங்கவே சரியாக இருக்கும். சீர் முடிந்து எல்லோரும் பந்திக்கு இறங்கும்போது சக்கர நாற்காலியில் இருப்பவர் மட்டும் மேலேயே தங்கிவிடுவார். “நீங்க எதுக்குச் சாமி சிரமப்படறீங்க, தட்டுல கொண்டாந்து தர்றோம்” என்று உறவினர்களே அன்போடு சொல்வார்கள். உணவக மேற்பார்வையாளர் சொன்னதும் இதே ஏற்பாடுதான். வீட்டிலும் உறவிலும் பழகியதையே அவர் தொழிலிலும் செய்கிறார். மண்டபமும் அதே சட்டத்துக்கு உட்பட்ட பொதுக் கட்டடம்தான் என்பதை முன்பணம் கொடுப்பவர்கள் நினைவில் வைத்துக் கேட்டால், உரிமையாளர்கள் மாறுவார்கள்.

முறையீட்டைப் பொறுத்தவரை நான் பரிந்துரைக்கும் வரிசை இது. முதலில் உரிமையாளருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம். மேற்பார்வையாளர் பேசியது முழுவதும் உங்களிடம்தான் என்று எழுதியிருக்கிறீர்கள்; பக்கத்தில் இருந்த அக்காவிடம் அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. முறையீட்டிலும் அதே தவறு நேரக் கூடாது. கடிதம் அக்காவின் பெயரில், அவர் கையெழுத்தோடு போகட்டும். அவருக்கு இதில் விருப்பமில்லை என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள். தேதி, நேரம், சொல்லப்பட்ட சொற்கள், காலியாக இருந்த மேசைகள் ஆகியவற்றை மிகைப்படுத்தாமல் எழுதி, அந்த நேரத்துக் கண்காணிப்புக் கேமராப் பதிவை அழிக்காமல் வைக்கும்படி கேளுங்கள். பல இடங்களில் அவை சில வாரங்களில் தாமாக அழிந்துவிடும் என்பதால் இதில் தாமதம் வேண்டாம். என்ன செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்: வருத்தம் தெரிவிப்பது, ஊழியர்களுக்கு எழுத்து மூலம் அறிவுறுத்துவது, சாய்தளத்துக்கும் கழிப்பறைக்கும் தேதி குறிப்பது.

பதில் வராவிட்டால் ஈரோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவாகக் கொடுக்கலாம். அது மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்குப் போகும். அடுத்தது சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. ஆனால் அவர் தருவது பரிந்துரை. நீதிமன்றத் தீர்ப்பைப் போல அதை நிறைவேற்ற வைக்க முடியாது என்பதை அறிந்தே செல்லுங்கள். சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரையும், பின்னர் 50,000 முதல் 5 லட்சம் வரையும் அபராதம் என்று 89-ஆம் பிரிவு சொல்கிறது. பலரும் இணையத்தில் எடுத்துக்காட்டும் 92-ஆம் பிரிவு, ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை விதிப்பது, உங்கள் விஷயத்தில் நிற்காது என்று கருதுகிறேன். பொது இடத்தில் இழிவுபடுத்தும் நோக்கத்தோடு வேண்டுமென்றே அவமதித்தார் என்பதை அதற்கு மெய்ப்பிக்க வேண்டும். மரியாதையான குரலில் செய்யப்பட்ட மறுப்பு எவ்வளவு வலித்தாலும், அந்தப் பிரிவுக்குள் அடங்குவது கடினம்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போவது பற்றி இரண்டு கருத்துகள் உண்டு. பணம் கொடுத்தோ கொடுப்பதாக ஒப்புக்கொண்டோ சேவை பெற்றவர்தான் நுகர்வோர். வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர் நுகர்வோர் அல்லர் என்று எதிர்த் தரப்பு வாதிடலாம். நீங்கள் காருக்கு வரவழைத்து வாங்கிய உணவுக்கான ரசீது கையில் இருக்கிறது என்பதால் அந்த வாதம் வலுவிழக்கிறது. அதைப் பத்திரமாக வையுங்கள். 5 லட்சம் ரூபாய் வரையான மதிப்புக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தர வேண்டும். எந்த வழியாக இருந்தாலும், 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, மாற்றுத்திறனாளி என்ற அடிப்படையிலேயே உங்கள் அக்காவுக்கு இலவச சட்ட உதவி பெறும் உரிமை இருக்கிறது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பித்தால் வழக்கறிஞரை அமர்த்தித் தருவார்கள்.

உரிமையாளர் இணக்கமாகப் பதில் தந்து, என்ன கட்ட வேண்டும் என்று கேட்டால், வாசல் படி ஒவ்வொன்றின் உயரத்தையும், கட்டட முகப்பிலிருந்து சாலை வரை உள்ள தூரத்தையும், கழிப்பறையின் உள்ளளவையும் அளந்து எழுதித் தெரிவியுங்கள். சாய்தளத்தை எங்கே தொடங்கி எங்கே திருப்ப வேண்டும் என்பதை ஒரு வரைபடமாகப் போட்டுத் தருகிறேன்.